தாத்தாவோட கத்தி உறையும் அஞ்சு நிமிஷ கிரைண்டரும்

பொங்கல் முடிஞ்சு ஊருக்குக் கிளம்புற அன்னைக்குத்தான் அண்ணன் மகன் பரண் மேல ஏறினான். பழைய பித்தளைச் செம்பு ஏதாவது கிடைக்குமான்னு பார்க்கத்தான் ஏறினான். சென்னையில அவன் வீட்டு ஹால்ல ஏற்கெனவே நாலு செம்பு வரிசையா நிக்குது, எதுலயும் தண்ணி கிடையாது. போகட்டும். செம்பு கிடைக்கலை. உடைஞ்ச மரக்கால் ஒண்ணு, எலி கடிச்ச கோணிப்பை, அப்புறம் துணியில சுத்தி வெச்சிருந்த ஒரு கத்தி உறை. அதைக் கையில வெச்சுக்கிட்டு இறங்கும்போதே அவன் முகம் மாறிப் போச்சு.

"சித்தப்பா, இது பயனெட் உறை. 1907 மாடல். இதை எதுக்குப் பரண்ல போட்டு வெச்சிருக்கீங்க?"

எதுக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லலை. கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

எங்க ஊர் வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி பக்கம். இந்தப் பக்கத்துல வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். பக்கத்துல இருக்கிற கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே பேர். எங்க தாத்தா இரண்டாம் உலகப் போர்ல மெட்ராஸ் சேப்பர்ஸ்ல இருந்தவர். பெங்களூர்ல டிரெயினிங், அப்புறம் பர்மா பக்கம். பாலம் கட்டுறது, ரோடு போடுறது, மரம் அறுக்கிறது. 1945-ல இந்திய ராணுவத்துல 25 லட்சம் பேர் இருந்தாங்க, எல்லாருமே தானா போய்ச் சேர்ந்தவங்கன்னு படிச்சிருக்கேன். எங்க தாத்தா தானா போன கதை என்னன்னா, அந்த வருஷம் ஏரி வறண்டு போச்சு, வீட்டுல அரிசி இல்லை.

1946-ல அனுப்பிட்டாங்க. துப்பாக்கி, சங்கீன் எல்லாத்தையும் எண்ணி வாங்கிக்கிட்டுத்தான் அனுப்புவாங்க. பயனெட்டை அவர் கடைசி வரைக்கும் சங்கீன்னுதான் சொல்லுவார், அது பட்டாளத்து உருது. அந்த உறை அவர் கொண்டு வந்தது இல்லை. போர் முடிஞ்ச கையோட ராணுவத்துல மிஞ்சின சாமான் எல்லாம் டிஸ்போசல்னு மலிவா வித்தாங்க. கம்பளிக் கோட்டு, தண்ணி பாட்டில், பெல்ட்டு. அதுல ஒரு கோட்டும் இந்தக் காலி உறையும் வாங்கிட்டு வந்தார். ரெண்டு வருஷம் இடுப்புல தொங்கினது திடீர்னு இல்லாமப் போனா நடக்கிறதே ஒரு மாதிரி இருந்ததுன்னு சொல்லுவார்.

அதுக்கு ஏத்த மாதிரி லாரி ஸ்பிரிங் பட்டையில ஒரு நேர்கத்தி அடிச்சு வாங்கினார். ஆட்டுக்குத் தழை கழிக்க, கத்தாழை வேலி வெட்ட, வாழைக் கன்னு அறுக்க. அந்தக் கத்தி 1970 சுமாருக்கு, கிணத்துல தூர் எடுக்கும்போது இடுப்புலேருந்து நழுவி உள்ள போச்சு. கிணறு எழுபது அடி. உறை மட்டும் மிஞ்சிச்சு.

இப்ப அண்ணன் மகன் விஷயத்துக்கு வர்றேன். அவன் ஊருக்குப் போய் ரெண்டு நாள்ல போன் பண்ணினான். அந்த உறையை 'ஒரிஜினலுக்கு' கொண்டு வரணுமாம். வீட்டுலயே சின்னதா பட்டறை வெச்சுக்கிட்டு இந்த மாதிரி பழைய ராணுவ சாமானைச் சரி பண்றவங்க உலகம் பூரா இருக்காங்க, வீடியோ பார்த்தேன், நானே பண்றேன், மோட்டார் ரூம்ல வைஸ் இருக்கு இல்லைன்னு கேட்டான். வைஸ் இருக்கு. ஹேக்ஸா, அரம், டிரில்லிங் மிஷின், கிரைண்டர் எல்லாமே இருக்கு. பம்புசெட்டுக்கு மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகும்னா நாமளே பிரிச்சுப் போட்டுப் பழகிக்க வேண்டியதுதானே. மாசி மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்துட்டான்.

வந்தவன் முதல்ல ஒரு டேப் எடுத்து அளந்தான். அங்கதான் சிக்கல் ஆரம்பிச்சுது.

1907 மாடல் பயனெட்டோட அலகு 17 அங்குலம். அதை ஏன் அவ்வளவு நீளமா செஞ்சாங்கன்னா, பிரிட்டிஷ்காரங்க அப்பத்தான் துப்பாக்கியைக் குட்டையாக்கினாங்க. எதிராளி துப்பாக்கி நீளமா இருந்தா கைகலப்புல அவனுக்கு முன்னாடி எட்டும் இல்லையா, அந்தக் குறையைக் கத்தியில நிரப்பிட்டாங்க. மாதிரிக்கு எடுத்துக்கிட்டது ஜப்பான்காரன் பயனெட். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அதே ஜப்பான்காரனோட பர்மாக் காட்டுல சண்டை வந்தப்ப, இந்த ஒரு முழக் கத்தி கொடியிலயும் மூங்கில்லயும் மாட்டுது, லாரியில ஏறி உட்கார்ந்தா பக்கத்து ஆளைக் குத்துது. அப்பத்தான் இந்தியாவுல அதை 12 அங்குலமா வெட்டினாங்க. கல்கத்தா பக்கத்துல இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில புதுசா செஞ்சதையும் 12 அங்குலமாவே செஞ்சாங்க, கையில இருந்த பழசையும் வெட்டிக் குறைச்சாங்க. கத்தி குட்டையானா உறையும் குட்டையாகணும். ஒரு முழ உறை முக்கால் முழமாச்சு.

எங்க தாத்தா உறை முக்கால் முழம்தான். புதுசா குட்டையா செஞ்சதா, பழசை வெட்டினதான்னு பார்க்க அதைத் திருப்பினாலே போதும். உறைன்னா ஒரு தோலை நீளவாக்குல மடிச்சு, பின்பக்கம் நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே தையல் போட்டு, மேல வாய்க்கு ஒரு இரும்புப் பூண், கீழ முனைக்கு ஒரு இரும்புப் பூண். உலக்கைக்குப் பூண் போடுற மாதிரிதான். முனைப் பக்கம் போகப் போக உறை குறுகும். குறுகிக்கிட்டே வர்றதைப் பாதியில வெட்டினா வெட்டின இடம் அகலமா இருக்கும், பழைய பூணுக்குள்ள போகாது. எங்க உறையில அந்த அகலத்தைச் சீவி, ஓரத்தை உள்ள மடக்கி, பூணுக்குள்ள திணிச்சிருக்காங்க. மடிப்பு வெளியே கொஞ்சம் பிதுங்கிக்கிட்டு நிக்குது. அவசரத்துல பண்ணின வேலைன்னு பார்த்தாலே தெரியும். சண்டை நடக்குது, ஆயிரக்கணக்கா வந்து குவியுது, எவனோ ஒருத்தன் ஒரு நாளைக்கு இத்தனைன்னு கணக்கு வெச்சு வெட்டித் தள்ளியிருக்கான்.

"அப்ப ஒரிஜினல் எதுடா?"ன்னு கேட்டேன். "நீளமா இருந்ததா, வெட்டினதா?"

அவன் யோசிச்சான். "வெட்டினதுதான் சித்தப்பா. ராணுவமே வெட்டினா அது ஒரிஜினல்."

சரி, அடுத்தது. வாய்ப்பூணுக்கு உள்ள ரெண்டு பக்கமும் சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கும், கத்தி ஆடாம, ஓடும்போது விழாம பிடிச்சுக்கிறதுக்கு. எங்க உறையில ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணைத் தாத்தா பிடுங்கிட்டார். ஏன்னா கொல்லர் அடிச்சுக் குடுத்த கத்தி தடிமனா இருந்தது, உள்ள போகலை. வாயையும் ஆப்பு வெச்சுத் தட்டி லேசா அகலமாக்கியிருக்கார். பெல்ட்டுல மாட்டுற பட்டி கிடையாது, அதுக்குப் பதிலா லாரி ட்யூப் ரப்பரை வெட்டி வளையமா தைச்சு வெச்சிருக்கார். வேட்டி மேல பச்சை பெல்ட்டு கட்டுவார், அதுல கோத்துக்கிறதுக்கு.

இந்த ரப்பரை எடுத்துடணும், வாயை மறுபடி நெளிச்சு ஒடுக்கணும், ஸ்பிரிங் ஒண்ணு புதுசா வெட்டி ரிவிட் அடிக்கணும். அது அவன் பட்டியல். ராணுவம் வெட்டினா வரலாறு, எங்க தாத்தா வெட்டினா டேமேஜ்.

இதுலதான் எனக்கும் அவனுக்கும் பேச்சு முத்திப் போச்சு.

ஒண்ணு சொல்றேன், நகரத்துல இருக்கிற நீங்க கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்ல கட்டை வண்டி ஓடறது நின்னு போய் ரொம்ப நாளாச்சு. வண்டிச் சக்கரத்தை எல்லாம் வந்து வாங்கிட்டுப் போனாங்க. ஒண்ணை மறுபடி பார்த்தேன், நெடுஞ்சாலை ஓரத்துல ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவத்துல. வார்னிஷ் அடிச்சு, ஆரக்கால் நடுவுல பல்பு போட்டு. ஆனா பட்டா இரும்புல தேஞ்ச இடம், அச்சு உரசி வழவழன்னு ஆன குடம், மை வழிஞ்ச கறுப்பு, எதுவும் இல்லை. மெஷின்ல இழைச்சு எடுத்துட்டாங்க. அது புதுச் சக்கரம் மாதிரி இருந்தது. புதுச் சக்கரம் வேணும்னா ஆசாரிகிட்ட சொன்னா செஞ்சு குடுத்திருப்பாரே, எதுக்குப் பழசைத் தேடி வாங்கணும்?

ராணுவ சாமானும் அதேதான். டேராடூன் பக்கம் பழைய மாடல் வாள், பயனெட், உறை எல்லாம் புதுசாவே செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. பளபளன்னு 1907 உறை வேணும்னா அதை வாங்கிக்கலாம், ஒரு தப்பும் இல்லை. பழைய உறை ஒண்ணைப் புதுசாக்கினா ரெண்டும் கெட்டதாத்தான் போகும்.

அதுக்காக, பழசைத் தொடவே கூடாது, கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்னு சொல்ற கட்சியும் நான் இல்லை. இந்த சாமான்ல வெட்டுப்படாத பரம்பரையே கிடையாது. அமெரிக்கா ராணுவம் இதே போர்ல தன்னோட 16 அங்குல பயனெட்டை 10 அங்குலமா வெட்டிச்சு. ஆஸ்திரேலியாக்காரங்க இதே 1907 கத்தியை 10 அங்குலமா குறைச்சு, காட்டுச் சண்டைக்குன்னு ஓவன் கன்னுங்கிற குட்டைத் துப்பாக்கியில மாட்டினாங்க. பிரிட்டன்ல அலகே வேண்டாம்னு 8 அங்குலத்துல குடைக்கம்பி மாதிரி ஒரு குத்தூசி பண்ணிக் குடுத்தாங்க. அதுல ஒரு கயிறு கூட அறுக்க முடியாதுன்னு தாத்தா சிரிப்பார். இச்சாப்பூர்ல அந்த 12 அங்குல அளவு அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் இருந்தது. 303 துப்பாக்கியை உத்தரப் பிரதேச போலீஸ் வழியனுப்பி வெச்சதே 2020 குடியரசு தின அணிவகுப்புலதான். அவ்வளவு காலம் உழைச்ச சாமான் அது. தேவைக்குத் தகுந்தபடி வெட்டி, ஒட்டி, தைச்சு ஓட்டினதுதான் அதோட கதை. தாத்தா போட்ட லாரி ட்யூபும் அந்தக் கதையில ஒரு வரி. அதைப் பிடுங்கினா அவர் இருந்த நாப்பது வருஷத்தைப் பிடுங்கின மாதிரி.

இதைச் சொல்லும்போது அவன் உறையோட வாய்ப்பூணை விரலால தடவிக்கிட்டே இருந்தான். "சித்தப்பா, கீழ்ப் பூண் துருப் பிடிச்சு கறுப்பா இருக்கு. மேல் பூண் மட்டும் ஏன் இப்படி சப்பையா, வழவழன்னு இருக்கு?"

இதைத்தான் நான் பரண்ல துணி சுத்தி வெச்சிருந்தேன்.

2006-ல நான் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்த வருஷம். கையில புது கிரைண்டர். புதுசா மிஷின் வாங்கினவன் கை சும்மா இருக்காது, கண்ணுல படுற துரு எல்லாத்தையும் தேய்ச்சுப் பார்க்கணும்னு தோணும். மம்பட்டி, கடப்பாரை, கேட்டுக் கொண்டி எல்லாம் முடிஞ்சு இந்த உறை கையில கிடைச்சுது. உப்புத்தாள் அடுக்கின சக்கரத்தை மாட்டி வாய்ப்பூணைத் தேய்ச்சேன். மேல துரு, அதுக்குக் கீழ புள்ளி புள்ளியா குழி. துரு தின்ன குழின்னு நினைச்சேன். குழி மறையற வரைக்கும் தேய்ச்சேன். அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது. வெள்ளி மாதிரி ஆச்சு. அப்பா தோட்டத்துல இருந்தார், அவர்கிட்ட காட்டலை.

அடுத்த வருஷம் ஊர்ல ஒருத்தர் வந்து சொன்னார், ரெண்டாவது உலகப் போர்ல இருந்தவங்களோட விதவைகளுக்கு அரசாங்கம் மாசாமாசம் உதவித்தொகை தருது, உங்க பாட்டிக்கும் எழுதிப் போடுங்கன்னு. பாட்டி அப்ப உசுரோட இருந்தா. தாத்தா 1988-லயே போயிட்டார். நானும் அப்பாவும் போய்க் கேட்டோம். டிஸ்சார்ஜ் புத்தகம் வேணும், இல்லைன்னா பட்டாளத்து நம்பராவது வேணும், நம்பர் இருந்தா ரெக்கார்டுல தேடச் சொல்லி எழுதலாம்னாங்க. டிஸ்சார்ஜ் புத்தகம் டிரங்குப் பெட்டியோட கரையான் தின்னாச்சு. பெட்டி மூடியில பெயின்ட்ல எழுதியிருந்த நம்பர், பெட்டியோட பழைய இரும்புக்குப் போயாச்சு.

பஸ்ல திரும்பி வரும்போது அப்பா திடீர்னு சொன்னார். "டேய், அந்தக் கத்தி உறை இருக்கு பாரு, அதுல மேல இரும்புல ஆணியால புள்ளி புள்ளியா குத்தி நம்பர் எழுதியிருப்பாரு. பட்டாளத்துப் பழக்கம். எந்த சாமானா இருந்தாலும் நம்பர் குத்தலைன்னா அவருக்குத் தூக்கம் வராது."

பாத்திரத்துல பேர் வெட்டுவோமே, அது மாதிரி. நம்ம வீட்டுக் குடத்துல, தட்டுல எல்லாம் பாட்டி பேர் வெட்டியிருக்கு. அவரோடதுன்னு அவர் குத்தினது அந்த ஒரு இடம்தான்.

வீட்டுக்கு வந்து உறையை எடுத்து வெயில்ல சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தோம். முதல் எழுத்து ஏழா ஒண்ணான்னு ஒரு நிழல் தெரிஞ்சுது. அப்புறம் ஒண்ணுமே இல்லை. அப்பா என்னைத் திட்டலை. கிரைண்டர் இருந்த மூலையை ஒரு தடவை பார்த்துட்டு எழுந்து போயிட்டார். பாட்டி 2011-ல தவறினா. உதவித்தொகை வரலை. அந்த நம்பர் இருந்திருந்தா வந்திருக்குமான்னு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனா எழுதிப் போட ஒரு நம்பராவது இருந்திருக்கும்.

அண்ணன் மகன் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அவனே ரப்பர் வளையத்தை எடுத்துப் பழைய இடத்துல வெச்சான்.

அதனால, வீட்டுலயே பழைய சாமானைச் சரி பண்ணணும்னு ஆசைப்படுறவங்களுக்கு என் கட்சி இதுதான். சேர்க்கலாம், எடுக்காதீங்க. சேர்த்ததை நாளைக்கு ஒருத்தன் கழட்டிக்கலாம், தேய்ச்சு எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. துரு அப்படியே இருக்கட்டும், ஒரு துணியில ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைச்சா அதுக்கு மேல தின்னாது. அதுக்கும் முன்னாடி நாலு பக்கமும் சாய்வெயில்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. 2006-ல என்கிட்ட கேமரா போன் இல்லைங்கிறது ஒரு சாக்கு, பேப்பர் பென்சில் இருந்துச்சே. பூண் மேல பேப்பரை வெச்சுப் பென்சிலால தேய்ச்சிருந்தாலே புள்ளி எல்லாம் எழுந்திருக்கும். காசு மேல வெச்சு சின்ன வயசுல எத்தனை தடவை தேய்ச்சிருப்போம்.

நாங்க என்ன பண்ணினோம்னு சொல்றேன், யாருக்காவது உதவும்.

தையல் நூல் முழுக்க இத்துப் போச்சு, பின்பக்கம் வாய் பிளந்து நின்னுது. அவன் நைலான் நூல் வாங்கிட்டு வந்திருந்தான், பலமா இருக்கும்னு. வேண்டாம்னேன். எண்பது வருஷத் தோல் மெலிஞ்சு கிடக்கு. நூல் அதைவிட பலமா இருந்தா, இழுக்கிறப்ப நூல் அறாது, தோல் கிழியும். பருத்தி நூலை நாலு பிரியா முறுக்கி, தேன்மெழுகுல நாலு இழுப்பு இழுத்துக்கிட்டோம். பஸ் ஸ்டாண்டுல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட ரெண்டு ஊசித் தையல் எப்படின்னு காட்டச் சொல்லிக் கத்துக்கிட்டு வந்தோம். ஒரே நூல், ரெண்டு முனையிலயும் ஊசி, ஒரே ஓட்டையில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரும். ஒரு இடத்துல அறுந்தாலும் மத்தது நிக்கும். அவர் சொன்ன ஒரே எச்சரிக்கை, "புது ஓட்டை போடாதே தம்பி, பழைய ஓட்டையிலயே போ". புதுசா குத்தினா ரெண்டு ஓட்டைக்கு நடுவுல தோல் தபால் தலை மாதிரி பிஞ்சு வந்துடும். மொத்தம் ஒரு சாயங்காலம் ஆச்சு. பாதிக்கு மேல அவன்தான் தைச்சான், நல்லாவே தைச்சான், கம்ப்யூட்டர் தட்டுற கைன்னு சொல்ல முடியாது.

தோல் மேல கையை வெச்சா செம்பொடி ஒட்டுது. இந்த மாதிரி பொடி உதிர்ற தோலை நனைக்கவே கூடாது, நனைஞ்சா கறுத்து, காஞ்ச வறட்டி மாதிரி ஆயிடும். எண்ணெயும் ஊத்தக் கூடாது. கமலைத் தோலுக்குப் பெரியவங்க விளக்கெண்ணெய் தடவுவாங்க, அது தினம் தண்ணியில கிடக்கிற தோல், வளையணும். இது வளைஞ்சா பிரயோஜனம் இல்லை, விறைப்பா நிக்கணும். லேசா மெழுகு தடவினதோட விட்டோம்.

தோல் விஷயத்துல எங்க பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியது இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு சுத்தியும் தோல்தான். அந்தக் காலத்துல ஆவாரம் பட்டையில ஊற வெச்சுப் பதனிடுவாங்க. முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் பட்டாளத்து பூட்ஸ் மேல்தோலுக்கு மெட்ராஸ் மாகாணத்துத் தோல் கப்பல் கப்பலா போச்சு. தீபாவளிக்கு மஞ்சப் பூவாப் பூத்துக் கிடக்கிற இந்த ஆவாரஞ்செடி உலகப் போருக்குப் போயிட்டு வந்திருக்குன்னா நம்ப முடியுதா?

பட்டைச் சாறுல பதனிட்ட தோலுக்கும் இரும்புக்கும் ஆகாது. வாழைப்பூ நறுக்கினா கத்தி கறுத்துப் போகுமே, அதே சங்கதிதான். உறைக்குள்ளயே கத்தியை வெச்சு மழைக்காலம் பூரா விட்டா அலகு கறுத்து, பொரிஞ்சு போகும். உறைங்கிறது கத்தியை எடுத்துக்கிட்டு நடக்கிறதுக்கு. வீட்டுக்கு வந்தா கத்தியை வெளியே எடுத்துத் துடைச்சு ஆணியில மாட்டணும். தாத்தா அப்படித்தான் மாட்டுவார், சுவத்துல ரெண்டு ஆணி இப்பவும் இருக்கு.

கடைசியா கத்தி. முதல்ல நான் நினைச்சது, கையில இருக்கிற கொடுவாள் ஒண்ணுக்கு ஏத்த மாதிரி உறையோட வாயை இன்னும் கொஞ்சம் தட்டி அகலமாக்கிடலாம்னு. புத்தி போகுது பாருங்க, ஒரு தடவை சுட்டும். அதை விட்டுட்டு, கத்தியை உறைக்கு ஏத்த மாதிரி செய்யலாம்னு முடிவு பண்ணினோம். கொல்லுப்பட்டறையில லாரி பட்டைத் துண்டு ஒண்ணு வாங்கி, அதே மாதிரி நேர்கத்தியா பத்தங்குலத்துக்கு அடிச்சுக் குடுக்கச் சொன்னேன். மிச்சத்தை நான் அரத்தால ராவினேன். கிரைண்டர் தொடலை, பிடிவாதமா. மூணு நாள் ராவினேன், தோள் கழண்டு போச்சு. தாத்தா பிடுங்கின ஸ்பிரிங் இருந்த பக்கம் கத்தி ஆடுது. அதுக்கு மூங்கில் பட்டையை மெல்லிசா சீவி உள்ள சொருகினோம். ஒட்டலை. இழுத்தா வந்துடும்.

அவனுக்கு இன்னொரு பயம் இருந்தது, இதெல்லாம் வெச்சுக்கிட்டா போலீஸ் பிடிக்குமான்னு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தோட விதிகள்ல வாளும் பயனெட்டும் பேர் சொல்லியே இருக்கு. 9 அங்குலத்துக்கு மேல போற மத்தக் கத்திகளும் அதுல வரும், ஆனா வீட்டுக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்ச கத்திக்கு விலக்கு. எங்களோடது தழை கழிக்கிற கத்தி. உறை வெறும் தோல். இருந்தாலும் அதை இடுப்புல கட்டிக்கிட்டு காட்பாடி ஸ்டேஷன்ல ரயில் ஏறினா சட்டப்பிரிவு எல்லாம் யாரும் கேட்க மாட்டாங்கன்னு சொன்னேன். அதனால அது ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு ஒப்பந்தம். அவனுக்கு மனசே இல்லை. வாய்ப்பூணோட அந்த வழவழ இடத்தை மட்டும் சாய்வெயில்ல நாப்பது போட்டோ எடுத்துக்கிட்டுப் போனான். கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்தா ஏதாவது எழுத்து தெரியும்னு சொல்றான். முதல் எழுத்து ஏழுதான்னு போன வாரம் போன் பண்ணினான். ரெண்டாவது மூணா எட்டான்னு இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கான்.

உறை இப்ப மோட்டார் ரூம்ல தொங்குது. எலி எட்டாத உயரத்துல. காலையில ஆட்டுக்குத் தழை கழிக்கப் போகும்போது எடுத்துக்கிட்டுப் போறேன். அந்த லாரி ட்யூப் வளையத்துல ஒரு ஓரம் வெடிப்பு விட்டிருக்கு, இந்தக் கோடைக்குள்ள அதுக்குள்ள ஒரு தோல் பட்டி கோக்கணும். ரப்பர் அப்படியே இருக்கும்.